காணாமல் போன இருபத்தொன்று

வாலு சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள் என்று சென்ற இதழில் நிறுத்தினாலும் நிறுத்தினேன், கடிதங்களைப் படித்து முடிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பாதிப் பேர் டீச்சரைத் திட்டியிருக்கிறீர்கள். மீதிப் பேர் வாலுவை. ஒரே ஒருவர் மட்டும் நடுவில் உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக்கைத் திட்டியிருக்கிறார். அவர் பாவம், அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அதற்காகத்தான் திட்டாம்.

இந்த வாரம்தான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களுக்கு: டீச்சர் என்பது அந்த வீட்டு மருமகள். பத்து வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், முப்பத்தாறு வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். வாலு அவளுடைய நாத்தனார், அதாவது டீச்சரின் கணவரான லிஃப்ட் மெக்கானிக்கின் ஒரே தங்கை. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஐந்து வருடம் வேலை பார்த்தவள், ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் "வேலைய விட்டுட்டேன், வேற இடத்துல பெரிசா கிடைச்சிருக்கு" என்று அறிவித்தாள். "எதையும் பாதியில விட்டுட்டுப் போறதே உனக்கு வழக்கமாப் போச்சு" என்று டீச்சர் சொல்லிவிட்டாள். தட்டின் கதை அதற்குப் பிறகு நடந்தது.

அது நடந்து ஒரு மாதம் ஆகிறது, வாலு வீட்டுப் பக்கமே வரவில்லை. இதற்கிடையில் அதே நிறுவனத்தில் டீச்சருக்கு வேலை கிடைத்துவிட்டது. வாலு இருந்த அதே குழு, ஏறக்குறைய அதே நாற்காலி. முதல் மூன்று வாரம் வேலையைப் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் நிரந்தரம் ஆக்குவார்கள். மூன்றாவது வாரத்தின் வெள்ளிக்கிழமைதான் இன்றைக்கு.

காலையில் ஷூவுக்கு முடிச்சுப் போட்டபடியே லிஃப்ட் மெக்கானிக் மெதுவாகப் பேச்சை எடுத்தார். தங்கைக்கு ஒரு போன் பண்ணிப் பார்க்கக் கூடாதா என்றார். போனை எடுக்காதவளுக்கு எத்தனை தடவைதான் பண்ணுவது என்று டீச்சர் கேட்டாள். எத்தனை தடவை பண்ணினாய் என்று அவர் கேட்டார். டீச்சர் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதில் மும்முரமானாள்.

"ஒரு தடவை" என்றாள் கடைசியில்.

அவர் இரண்டாவது ஷூவையும் முடிந்துகொண்டு, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்குத் தெரிந்த சமாதான வழி அது ஒன்றுதான்.

அலுவலகத்தில் அன்றைக்கு ஒரே பரபரப்பு. குழு ஏழு வருடமாகக் கட்டி வளர்த்த லைப்ரரியை மாலை நாலு மணிக்கு எல்லோருக்கும் திறந்துவிடப் போகிறார்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், பயன்படுத்தலாம்.

லைப்ரரி என்றதும் புத்தக அலமாரி என்று நினைத்துவிடாதீர்கள். இது மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு புரோகிராம். இதன் வேலை, வீடு மாற்றும்போது சாமான் கட்டுகிறவர்களின் வேலை. ஒரு இடத்தில் இருக்கும் தகவலைக் கட்டி ஒற்றை வரிசையாக அனுப்பும். போய்ச் சேர்ந்த இடத்தில் பிரித்து, இருந்தது இருந்தபடி வைக்கும். கட்டியதும் பிரித்ததும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே முந்நூற்றுப் பதினெட்டு சோதனைகள் எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தால் திரையில் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு.

அந்தச் சோதனைகளுக்கு நடுவே, எழுதியவர்கள் பின்னால் வருகிறவர்களுக்காகக் குறிப்புகள் எழுதி வைத்திருப்பார்கள். கமெண்ட் என்பார்கள். மனிதர் படிக்க மட்டும்தான், இயந்திரம் அதைத் தாண்டிப் போய்விடும். வீட்டுக்குள் இருக்கும் வரை யாரும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். ஊரார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றால் கூட்டிப் பெருக்க வேண்டாமா? பெருக்கும் வேலையைக் குழுத் தலைவி டீச்சரிடம் கொடுத்திருந்தாள். புதிதாக வந்தவளுக்குத் துடைப்பம் என்று டீச்சருக்கு முதலில் முகம் சுண்டிப்போனது உண்மை. ஆனால் வேலை தொடங்கியதும் குஷியாகிவிட்டாள். பத்து வருடம் சிவப்பு மையில் திருத்திய கை அல்லவா.

'இது எப்படி வேலை செய்கிறது என்று தெரியவில்லை, தயவுசெய்து தொடாதீர்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'தற்காலிக ஏற்பாடு' என்று ஒரு குறிப்பு, அதற்கு வயது ஆறு. 'திங்கட்கிழமை சரிசெய்கிறேன்' என்று இன்னொன்று, எந்தத் திங்கட்கிழமை என்று இல்லை. டீச்சர் ஒவ்வொன்றாக அடித்து, திருத்தி, தேவையானதை இரண்டு வாக்கியத்தில் தெளிவாக எழுதிக்கொண்டே போனாள். பக்கத்து நாற்காலியில் தாடிக்காரர் ஒருவர் உண்டு, நல்ல மனிதர், வேகப் பைத்தியம். 'எனக்குத் தூக்கம் வருகிறது' என்று தான் எப்போதோ எழுதிய குறிப்பை டீச்சர் படித்துக் காட்டியதும் அசடு வழிந்தார்.

பதினோரு மணிக்கு வாலுவின் கோப்பு வந்தது.

முதல் பத்து வரியிலேயே டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோதனைக்காகக் கட்டி அனுப்பும் மாதிரித் தகவல் எல்லாமே அவர்கள் வீடு. அண்ணன் என்று ஒரு பதிவு: உயரம் இவ்வளவு, எடை இவ்வளவு, ஒரு நாளைக்குப் பேசும் வார்த்தை நாற்பது. முழு எண் சரியாகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க அந்த நாற்பதாம். போன மாதத்துக் கோபம்கூடக் கொஞ்சம் இளகியது.

பிறகு நூற்றுப் பத்தாவது வரி வந்தது.

'மிக நீளமான வாசகம். அண்ணி ஒரு விஷயத்தை விளக்க ஆரம்பித்ததைப் போல. முடியவே முடியாது.'

எழுதிய தேதியும் பக்கத்திலேயே இருந்தது. டீச்சர் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த மூன்றாவது மாதம்.

காது மடல் சூடாகிவிட்டது டீச்சருக்கு. இந்தக் குழுவில் பதினோரு பேர் வருடக்கணக்காக இதைப் படித்திருக்கிறார்கள். தான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தன்னைப் பற்றி நிதானமாக எடுத்துச் சொன்னபோது இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது ஏன் என்று இப்போது புரிந்தது. அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது. மற்ற கோப்புகளில் ஒவ்வொரு குறிப்பாக நிறுத்தி நிதானமாகப் படித்தவள், இந்தக் கோப்பில் படிக்கவில்லை. மேலிருந்து கீழ் வரை இருந்த அத்தனை குறிப்புகளையும் ஒரே மூச்சில் அழித்தாள். சோதனைகளை ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் பச்சை. கோப்பைக் குழுவின் பொதுச் சேமிப்பில் சேர்த்துவிட்டுச் சாப்பிடப் போனாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

திரும்பி வந்தபோது குழுத் தலைவி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பிரமாதம், எல்லாம் பச்சை, காலையைவிடச் சீக்கிரமாகக்கூட ஓடி முடிகிறது என்று பாராட்டினாள். மாலையில் ஒரு கடிதம் தருவதாகவும் சொல்லிவிட்டுப் போனாள். என்ன கடிதம் என்று சொல்லத் தேவையில்லை.

சீக்கிரமாக முடிகிறது என்பதுதான் டீச்சருக்கு உறுத்தியது. குறிப்பை அழித்தால் எதற்கு வேகம் கூட வேண்டும்? சுற்றுலாவுக்குக் கூட்டிப்போன பிள்ளைகள் எல்லோரும் சத்தம் போடாமல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் டீச்சர் முதலில் செய்கிற காரியம் தலையை எண்ணுவது. இப்போதும் எண்ணினாள். காலையில் முந்நூற்றுப் பதினெட்டு. இப்போது இருநூற்றுத் தொண்ணூற்றேழு.

இருபத்தொன்றைக் காணோம். ஒன்றுகூடத் தவறவில்லை, சிவப்பும் இல்லை. ஓடவே இல்லை.

சோதனை விதிகளைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தேடிப் படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. குறிப்பை இயந்திரம் படிக்காது என்பது பொது விதி. ஒரே ஒரு வகைச் சோதனைக்கு மட்டும் விதிவிலக்கு. அதில் கடைசியில் 'அவுட்புட்' என்று தொடங்கும் குறிப்பு ஒன்று இருக்கும். என்ன விடை வர வேண்டும் என்று அதற்குக் கீழேதான் எழுதியிருக்கும். இயந்திரம் அதைப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். குறிப்பு இல்லையென்றால் எதோடு ஒப்பிடுவது? அந்தச் சோதனையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும், குறையும் சொல்லாது. வாலுவுக்கு இந்த வகை பிடிக்கும். இருபத்தொன்று எழுதியிருந்தாள்.

மணி இரண்டே முக்கால். டீச்சர் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பச்சை பச்சையாகவே இருக்கும், கடிதமும் கைக்கு வந்துவிடும். அந்த நினைப்பு அவளுக்கு வரவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிடம் வந்தது.

எழுந்து போய்த் தலைவியிடம் சொல்லிவிட்டாள். கோபத்தில் அழித்தேன் என்பதையும் சேர்த்தே சொன்னாள், என்ன கோபம் என்பதை மட்டும் சொல்லவில்லை. தலைவி கண்ணாடிக்கு மேலே அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பழைய கோப்பு பத்திரமாகத்தானே இருக்கிறது, திரும்பக் கொண்டுவா என்றாள்.

கொண்டுவந்தார்கள். முந்நூற்றுப் பதினெட்டும் வந்து சேர்ந்தன. அதில் ஒன்று சிவப்பு.

மத்தியானம் அந்த இருபத்தொன்றும் ஓடாமல் கிடந்த நேரத்தில், தாடிக்காரர் தன் பங்குக்கு ஒரு மாற்றம் செய்து உள்ளே சேர்த்திருந்தார். காலியாக இருக்கும் பட்டியலை எதற்குக் கட்டி அனுப்ப வேண்டும், விட்டுவிட்டால் அளவு குறையுமே என்பது அவருடைய யோசனை. எல்லாம் பச்சை என்று அவருக்கும் வந்திருக்கிறது. ஆனால் வாலுவின் சோதனை காலிப் பட்டியலை அனுப்பினால் காலிப் பட்டியல்தான் திரும்ப வர வேண்டும் என்றது. இப்போது பட்டியலே வரவில்லை.

காலியும் இல்லாததும் ஒன்றுதானே, பழைய சோதனை, தூக்கிவிடலாம் என்றார் தாடிக்காரர். தலைவி போன வருடம்தான் வந்தவள், அவளுக்கும் காரணம் தெரியவில்லை. மூன்று பேரும் குனிந்து அந்தச் சோதனைக்கு மேலே இருந்த குறிப்பைப் படித்தார்கள்.

'இது இப்படித்தான் இருக்கணும். ஏன்னு தெரியணும்னா என்னைக் கேளுங்க.'

எழுதியவள் போய் ஒரு மாதம் ஆகிறது. காரணத்தை எழுதாமல் பாதியில் விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாள். தான் அன்றைக்குச் சொன்னது சரிதானே என்று சந்தோஷப்படக்கூட டீச்சருக்கு நேரம் இல்லை. மூன்றரை வரை பார்ப்போம், காரணம் கிடைக்காவிட்டால் இந்தச் சோதனையை எடுத்துவிட்டுத் திறந்துவிடலாம் என்று தலைவி சொல்லிவிட்டாள்.

டீச்சர் மாடிப்படிக்குப் போய் நின்று போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். எடுக்கவில்லை. கௌரவத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு செய்தி அனுப்பினாள். நலமா என்றோ மன்னித்துக்கொள் என்றோ அதில் ஒன்றும் இல்லை. 'நூத்தி எழுபத்தி மூணாவது வரி. காலிப் பட்டியல் டெஸ்ட். ஏன்?'

போனைப் பையில் வைப்பதற்குள் மணி அடித்தது.

"யாரு அதைத் தொட்டது?" வாலுவுக்கு ஹலோ சொல்லும் பழக்கம் என்றுமே கிடையாது.

"தாடிக்காரர். காலியா இருக்கிறதை அனுப்பாம விட்டா வேகமாகும்னு."

"வேகமா எங்க போறாராம்?" என்றவள் மூச்சு விடாமல் ஆரம்பித்தாள். "அண்ணி, கம்பெனிகிட்ட சாஃப்ட்வேர் வாங்கின மருந்துக்கடைக்காரங்க நம்ம லைப்ரரியைத்தான் வச்சிருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் எந்த மருந்து ஒத்துக்காதுன்னு ஒரு பட்டியல் இருக்கும். பட்டியல் காலியா வந்தா, அவர்கிட்ட கேட்டாச்சு, ஒத்துக்காதது எதுவும் இல்லைன்னு அர்த்தம். பட்டியலே வரலைன்னா, இன்னும் கேக்கவே இல்லைன்னு அர்த்தம். ரெண்டும் ஒரே மாதிரி போய்ச் சேர்ந்தா எது எதுன்னு கடையில எப்படித் தெரியும்?"

டீச்சருக்கு அந்தக் கடை கண்ணுக்கு முன்னால் வந்தது. கேட்கப்படாத ஒருவர், கேட்டு முடித்தவர்களோடு வரிசையில் நிற்கிறார். கையில் மருந்தைக் கொடுத்துவிடுவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை அப்படி ஆகப் பார்த்ததாம். கடையில் இருந்த அம்மா ஒருவர் உஷாராகத் திரும்பக் கேட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு உட்கார்ந்து எழுதிய சோதனை அது.

"இவ்வளவு பெரிய விஷயத்தை அங்கேயே எழுதி வச்சா என்ன?"

"என்னைக் கேளுங்கன்னு எழுதினேனே அண்ணி. நான் எங்க போகப்போறேன்னு நினைச்சேன்."

டீச்சருக்கு அந்த ஒரு வாக்கியம் சுருக்கென்று தைத்தது. எங்கும் போகிற நினைப்பே இல்லாதவள் ஏன் போனாள்? அன்றைக்கு மேஜையில் டீச்சர் தீர்ப்புதான் சொன்னாள். கேள்வி கேட்கவில்லை. இந்த ஒரு மாதத்தில் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

"நான் உன்கிட்ட ஏன்னு கேக்கவே இல்லை இல்ல?" என்றாள்.

"இல்ல" என்றாள் வாலு. குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "முதல்ல போய் அதைச் சரிபண்ணுங்க. நாலு மணிக்கு ஊரே பார்க்கப்போகுது."

சாயங்காலம் வீட்டுக்கு வா என்று டீச்சர் சொன்னாள். வருகிறேன் என்று உடனே பதில் வந்தது. போனை வைக்கும் முன் டீச்சரால் சும்மா இருக்க முடியவில்லை.

"நூத்திப் பத்தாவது வரியும் படிச்சேன்."

"நீங்க அப்ப புதுசு அண்ணி. ஃபிரிட்ஜ்ல பாலை எங்க வைக்கணும்னு அரை மணி நேரம் சொன்னீங்க."

"இருபது நிமிஷம்" என்றாள் டீச்சர். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. மாடிப்படியில் இறங்கி வந்த யாரோ ஒருவர் அவளை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மருந்துக்கடை என்ற வார்த்தையைக் கேட்டதும் தாடிக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. உடனே தன் மாற்றத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். முந்நூற்றுப் பதினெட்டும் பச்சை ஆயின. டீச்சர் இரண்டு தடவை எண்ணினாள். 'என்னைக் கேளுங்க' இருந்த இடத்தில் காலி என்றால் என்ன, இல்லாதது என்றால் என்ன, கலந்தால் யாருக்கு ஆபத்து என்று ஆறு வரி எழுதினாள். அதே கோப்பில் 'அவுட்புட்' குறிப்புகளை அழிக்கக் கூடாது, ஏன் கூடாது என்று தொடக்கத்தில் நான்கு வரி. நீளம்தான். ஒரு வரியைக்கூடக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நூற்றுப் பத்தாவது வரியில் 'மிக நீளமான வாசகம்' என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்தாள். எடுக்கும்போது கொஞ்சம் மனசில்லாமல்தான் எடுத்தாள்.

நாலு மணிக்குத் திறக்க வேண்டியது நாலு இருபதுக்குத் திறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தலைவி ஒரு உறையை நீட்டினாள். "நீங்க எண்ணிப் பார்த்ததுக்காக இல்ல, எண்ணினதை வந்து சொன்னதுக்காக" என்றாள். நிரந்தர வேலைக் கடிதம். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுத் திங்கள் காலை பத்து மணிக்குள் கொடுத்தால் போதும். டீச்சருக்குத் தரையில் கால் பாவவில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு வாலு வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அண்ணனைக் கட்டிக்கொண்டாள். அன்றைய நாற்பது வார்த்தையில் பாதியை அவர் அங்கேயே செலவழித்துவிட்டார். டீச்சர் கடிதத்தைக் காட்டினாள். வாலு அதை வாங்கி இரண்டு தடவை படித்து, தனக்கே வந்ததைப் போலச் சிரித்தாள்.

"சரி, உட்காரு" என்றாள் டீச்சர். "இப்ப கேக்கறேன். வேலைய ஏன் விட்ட?"

வாலு ஹெல்மெட்டை மடியில் வைத்து அதன் பட்டையை இழுத்து இழுத்து விட்டாள். அண்ணனைப் பார்த்தாள். அவருக்கும் ஒன்றும் தெரியாது என்பது அவர் முகத்திலேயே இருந்தது.

"ஒரே குழுவுல ஒரே வீட்டு ஆளுங்க ரெண்டு பேர் இருக்கக் கூடாது அண்ணி. அங்க அது விதி. காலியா இருந்தது எங்க குழுவுல ஒரு இடம்தான். வந்த விண்ணப்பத்துல உங்களோடதுதான் முதல்ல நின்னுச்சு. நான் இருந்தா உங்களைக் கூப்பிடவே மாட்டாங்க." பட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "எனக்கு எங்கயும் கிடைக்கும். உங்களுக்கு இதுதான் முதல் வேலை."

பாதியில் விட்டுவிட்டுப் போகிறவள் என்று சொன்ன வாயைக் கழுவிவிட வேண்டும் போல டீச்சருக்கு இருந்தது.

"வேற இடத்துல பெரிசா கிடைச்சிருக்குன்னு சொன்னியே?"

"சொன்னேன்" என்றாள் வாலு.

"கிடைச்சிருக்கா?"

"கிடைச்சிரும்."

லிஃப்ட் மெக்கானிக் செருப்பு வைக்கும் பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டார். டீச்சர் "தங்கச்சி" என்று ஒரு வார்த்தை சொன்னாள், அதற்கு மேல் வரவில்லை. எதையும் அரை மணி நேரம் விளக்கக்கூடிய பெண்மணி அவள்.

வாலு கடிதத்தை மேஜையில் விரித்து, பையிலிருந்து பேனாவை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். கையெழுத்துப் போடாவிட்டால் இன்னும் ஒரு மாதம் போனை எடுக்க மாட்டேன் என்று மிரட்டினாள். சொல்லும்போது சிரித்தாள், கண் மட்டும் நிறைந்திருந்தது.

டீச்சர் கடிதத்தைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, மூடியைத் திறக்காமலே வாலுவின் கையில் திருப்பிக் கொடுத்தாள்.